பழைய ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இன்ஜின் ஆயில் மாற்றுவதைப் பற்றி எழுதும்போது, "கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வெட்டிப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. எனக்கு ரொம்பச் சந்தோஷம். கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஃபில்டர் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது ஓசூரில் கணவரோடு சேர்ந்து பட்டறை நடத்துகிறேன். அங்கே புது ஃபில்டரை வெட்டுவோம், இங்கே ஓடி முடித்ததை வெட்டுகிறோம். அதனால் இந்த இதழ் முழுக்க ஃபில்டர்தான்.

சர்வீஸ் முடிந்ததும் பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். எப்படி வெட்டுவது? ஹாக்சா பிளேடால் அறுக்கலாமா?
— வாசகர், திருப்பூர்

உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால் பிளேடு போதும். இன்ஜினின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பிளேடு வேண்டாம். அறுத்தபின் உள்ளே கிடக்கும் இரும்புத் தூள் இன்ஜினிலிருந்து வந்ததா, பிளேடிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கிரைண்டரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பொறி பறக்கும், உள்ளே எண்ணெய் இருக்கிறது.

ஃபில்டர் வெட்டுவதற்கென்றே கட்டர் விற்கிறார்கள். பிளம்பர்கள் வைத்திருக்கும் குழாய் கட்டரின் அதே வேலைதான். ஒரு சிறு சக்கரம் டின்னைச் சுற்றி வரும், ஒவ்வொரு சுற்றுக்கும் திருகை லேசாக இறுக்கிக்கொண்டே போக வேண்டும். தகரம் பிளக்கும், தூள் கொட்டாது. சின்ன பெட்ரோல் கார்களின் ஃபில்டர் பெரும்பாலும் 65 முதல் 70 மி.மீ. விட்டம்தான். அந்த அளவுக்கு வாய் திறக்கும் குழாய் கட்டர் கிடைத்தால் அதிலேயே வேலை முடிந்துவிடும். திருகு உள்ள பக்கம், விளிம்பு மடித்திருக்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

வெட்டுவதற்கு முந்தைய இரவே துளைகள் கீழே இருக்கும்படி கவிழ்த்து வடிய விடுங்கள். உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருப்பதால் மெதுவாகத்தான் வடியும், பொறுங்கள். கையுறை கட்டாயம். ஓடிய இன்ஜின் ஆயில் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியது. எங்கள் பட்டறையில் வேலை கற்க வரும் பையன்களுக்கு ஸ்பேனரைக் கொடுப்பதற்கு முன்னால் நான் கையுறையைத்தான் கொடுப்பேன்.

டின்னைத் திறந்ததும் பேப்பர் உருளை வெளியே வரும். மேல் மூடியையும் கீழ் மூடியையும் ஒட்டி, கூரான கத்தியால் பேப்பரைச் சுற்றிலும் அறுத்தால் மடிப்பு மடிப்பாக ஒரு நீளப் பட்டை கிடைக்கும். அதை இரண்டு சுத்தமான பலகைகளுக்கு நடுவில் வைத்து வைஸில் அழுத்தி எண்ணெயைப் பிழிந்துவிட்டு, வெள்ளைத் தட்டு அல்லது வெள்ளை டைல்ஸ் மேல் விரியுங்கள். ட்யூப் லைட்டில் ஒன்றும் தெரியாது, வெயிலில் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் மின்னுவது எதுவும் தப்பாது. அப்புறம் கொஞ்சம் டீசலில் அலசி, அந்த டீசலைத் தட்டில் தெளிய விடுங்கள். பெட்ரோலில் அலச வேண்டாம், அதன் ஆவி சுலபமாகப் பற்றும். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அடியில் ஓடவிடுங்கள். இரும்பு ஒட்டும். பையை உரித்தால் தூள் மொத்தமும் பையோடு வந்துவிடும், காந்தத்திலிருந்து சுரண்ட வேண்டியதில்லை.

பார்த்ததைப் போட்டோ எடுத்து, கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஒரு ஃபில்டர் சொல்வது கொஞ்சம்தான். அதே வண்டியின் மூன்று ஃபில்டர்களை வரிசையாகப் பார்த்தால் நிறையவே தெரியும். சிறிய விமானங்களின் பிஸ்டன் இன்ஜின்களுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் ஃபில்டரை வெட்டிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அங்கே சாதாரண நடைமுறை. காருக்கு அவ்வளவு அடிக்கடி வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றும்போது பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இரண்டு ஃபில்டர்களை வெட்டினேன். கம்பெனி ஃபில்டரில் பேப்பரின் இரு முனையிலும் தகர மூடி. வெளிக்கடையில் பாதி விலைக்கு வாங்கியதில் அட்டை மூடி. அட்டை என்றால் போலிதானே?
— வாசகர், நாகர்கோவில்

அப்படிச் சொல்லிவிட முடியாது. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தகரமா அட்டையா என்ற ஒரே கேள்வியில் நல்ல ஃபில்டர்கள் பலவற்றுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுகிறது.

எண்ணெய் போகும் வழியை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அடித்தட்டின் ஓரத்தில் உள்ள சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் உள்ளே நுழைகிறது. டின்னுக்கும் பேப்பருக்கும் நடுவே பரவி, பேப்பரை ஊடுருவி, நடுக்குழாய்க்குள் வந்து, திருகுள்ள பெரிய துளை வழியாக இன்ஜினுக்குத் திரும்புகிறது. பேப்பரைத் தாண்டாமல் நடுக்குழாய்க்கு வர ஒரு இடுக்கு இருந்தாலும் எண்ணெய் அந்த இடுக்கைத்தான் தேடிப் போகும், அங்கே தடை குறைவு. அதனால் ஃபில்டரைப் பிரித்தால் நான் முதலில் பார்ப்பது ஒரு பாகம் இன்னொன்றோடு சேரும் இடங்களைத்தான். உலகத்திலேயே உயர்ந்த பேப்பரைப் போட்டிருந்தாலும் சேர்மானம் சரியில்லை என்றால் அந்தப் பேப்பருக்கு வேலையே வராது.

முதல் சேர்மானம், பேப்பரும் முனை மூடியும். தகர மூடியில் பேப்பரைப் பசையில் பதித்து வேகவைத்திருப்பார்கள். அட்டையிலோ நார்த் துணியிலோ செய்த மூடியில் பேப்பரின் விளிம்பு நேராக அதிலேயே ஒட்டியிருக்கும். எதுவானாலும், மூடியைப் பிடித்துப் பேப்பரை மெதுவாக உரித்துப் பாருங்கள். பேப்பர் கிழிந்து, அதன் நார் மூடியில் தங்கிவிட்டால் ஒட்டு நன்றாக இருக்கிறது. கிழியாமல் சுத்தமாகக் கழன்று வந்தால், அல்லது ஏதாவது ஒரு மடிப்பின் அடியில் பசையே தொடாமல் பேப்பரின் இயல்பான நிறம் தெரிந்தால், அது ஓட்டை. தகர மூடி போட்ட ஃபில்டரிலும் பசை எட்டாத மடிப்புகளை நான் ஆலையில் பார்த்திருக்கிறேன், அந்த மொத்தப் பெட்டியையும் தனியே ஒதுக்கி வைப்போம்.

இரண்டாவது, பேப்பர் பட்டையின் இரு நுனிகளும் சேரும் தையல். சிலர் தகரக் கிளிப் போட்டுப் பிடித்திருப்பார்கள், சிலர் ஒட்டியிருப்பார்கள். ஓடிய ஃபில்டரில் பேப்பர் கிழிந்திருந்தால் பெரும்பாலும் இந்தத் தையலுக்குப் பக்கத்து மடிப்பில்தான் கிழிந்திருக்கும். அங்கே மடிப்புகளின் இடைவெளி ஒரே சீராக வராது, ஒரு மடிப்பு அதிகமாக விரிந்து அழுத்தம் முழுவதையும் வாங்கும். அந்த இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

மூன்றாவது எனக்குப் பிடித்தமானது, அநேகம் பேர் பார்க்காமல் விடுவது. பேப்பர் உருளை அடித்தட்டின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும், மறுமுனையில் ஒரு ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்திருக்கும். அந்த ரப்பரை எடுத்து, உருளை உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். வட்டமாக ஒரு பதிவு இருக்கும். சுற்றிலும் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தால் அது இறுக்கமாக அடைத்திருக்கிறது. ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப் பக்கம் பதிவே இல்லாமலும் இருந்தால் அந்த ஃபில்டர் ஓடிய நாளெல்லாம் கொஞ்சம் எண்ணெய் வடிகட்டாமல்தான் போயிருக்கிறது. இங்கே ஸ்பிரிங்கின் வகையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சுருள் ஸ்பிரிங்தான் உயர்ந்தது, தகட்டு ஸ்பிரிங் மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நேராக உட்கார்ந்து போதுமான அழுத்தம் கொடுத்தால் தகடே போதும். அழுத்தம் சரியாக இருந்ததா என்பதை அந்த வட்டப் பதிவே காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது பைபாஸ் வால்வு. குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போதோ பேப்பர் அடைத்துக்கொண்டபோதோ இன்ஜின் வறண்டு போகாமல் இருக்க, வடிகட்டாத எண்ணெயையாவது உள்ளே விடும் கதவு இது. எந்த அழுத்த வித்தியாசத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், பொதுவாக அரை பாரிலிருந்து ஒன்றரை பாருக்குள் இருக்கும். பென்சில் முனையால் அழுத்தினால் உள்ளே போய், விட்டவுடன் தயங்காமல் திரும்பி உட்கார வேண்டும். திரும்பி வராமல் திறந்தே நின்றால் ஃபில்டர் இருந்தும் இல்லாததற்குச் சமம். சில இன்ஜின்களில் இந்த வால்வு பிளாக்கிலேயே இருக்கும், ஃபில்டரில் இருக்காது. ஆகவே வால்வைக் காணோம் என்றதும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து நடுக்குழாய். சிலவற்றில் வட்டத் துளைகள், சிலவற்றில் தகரத்தைக் கீறி வளைத்த ஜன்னல் போன்ற வாய்கள். இந்த இரண்டாவது வகையில் வாய் சரியாகத் திறக்காமல் வெறும் கீறலோடு நிற்பது உண்டு. ஊசி நுழைகிறதா என்று பாருங்கள். பாதி வாய்கள் மூடியிருந்தால் எண்ணெய் ஓட்டம் குறையும், பைபாஸ் தேவையில்லாமல் திறக்கும்.

கடைசியாகப் பேப்பரின் பரப்பு. மடிப்புகளை எண்ணுங்கள், ஒரு மடிப்பின் ஆழத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 50 மடிப்பு, 12 மி.மீ. ஆழம், 55 மி.மீ. உயரம் என்றால், ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு பக்கம், ஆக 50 × 2 × 12 × 55, அதாவது 660 சதுர செ.மீ. ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரியது. அதே டின்னுக்குள் 32 மடிப்பு, 10 மி.மீ. ஆழம், 50 மி.மீ. உயரம் மட்டும் இருந்தால் 320 சதுர செ.மீ., பாதித் தாள்தான். வெளியே இரண்டும் ஒரே அளவு, ஒரே பெயின்ட். அழுக்கைத் தாங்கும் இடம் பாதி. உங்கள் இரண்டு ஃபில்டர்களையும் இப்படி அளந்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அட்டை மூடியைவிட அந்த எண்தான் எனக்கு முக்கியம்.

போலியைப் பிடிக்க வேண்டுமென்றால் திருகில் பிசிறு, குழியில் உட்காராமல் கழன்று விழும் ரப்பர் வாஷர், சாயம் போகும் எழுத்து, உள்ளே கோணலாக ஒட்டிய பேப்பர் ஆகியவை நல்ல தடயங்கள். அதே பார்ட் நம்பரில் அதிகாரப்பூர்வ ஷோரூமில் ஒன்று வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்து வெட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடலாமா?
— வாசகர், கரூர்

கூடாது. பேப்பரின் நாருக்குள் சிக்கியது வெளியே வராது. கழுவும்போது சுத்தமான பக்கத்துக்கு அழுக்கு போய்ச் சேரும், அது நேராக பேரிங்குக்குப் போகும்.

பழைய இன்னோவா டீசல் வாங்கியிருக்கிறேன். முதல் சர்வீஸில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் பேப்பரில் மினுமினுப்பு. மெக்கானிக் "இன்ஜின் போச்சு, இறக்கி வேலை பார்க்கணும்" என்கிறார். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.
— வாசகி, தேனி

கவலை புரிகிறது அம்மா. மினுமினுப்பைப் பார்த்த உடனே இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. அதே சமயம் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. நடுவில் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன.

மனிதக் கண்ணுக்குத் தனித் துகளாகத் தெரிய வேண்டுமென்றால் அது ஏறக்குறைய 40 மைக்ரானாவது (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் சுமையின்போது நிற்கும் எண்ணெய்ப் படலமோ சில மைக்ரான்தான். ஆகவே கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெரிய துகள். ஆனாலும் வெயிலில் சாய்த்தால் மட்டும் மின்னுகிற, விரலில் தேய்த்தால் தட்டுப்படாத சன்னப் பொடி பல இன்ஜின்களில் கொஞ்சம் இருக்கும். புது இன்ஜினின் முதல் ஃபில்டரில் அது எதிர்பார்க்கக் கூடியதே. நகத்தால் பொறுக்கி எடுக்கிற அளவுக்குத் தகடு தகடாக இருந்தால்தான் வண்டியை அன்றைக்கே நிறுத்தச் சொல்வேன்.

அடுத்து, அது என்ன உலோகம்? காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டினால் இரும்பு: ரிங், சிலிண்டர், கேம், செயின், கிராங்க் இவற்றில் ஏதோ ஒன்று. ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் பெரும்பாலும் அலுமினியம், பிஸ்டனாகவோ ஆயில் பம்ப் உடலாகவோ இருக்கலாம், இன்றைய பல கார்களில் பேரிங்கே அலுமினியக் கலவைதான். செம்பு அல்லது பித்தளை நிறம் தெரிந்தால் கவனம் அதிகம் வேண்டும். மூன்றடுக்கு பேரிங்கில் மேலே மென்மையான சன்ன அடுக்கு, அதற்குக் கீழே செம்புக் கலவை, அடியில் எஃகு. செம்பு வெளியே வருகிறதென்றால் மேல் அடுக்கு தேய்ந்துவிட்டது. ஆனால் உங்கள் வண்டியில் டர்போவும் இருக்கிறது. டர்போவின் பேரிங் புஷ்ஷும் மஞ்சள் உலோகத்தில் செய்யப்படுவதுதான். மஞ்சளைப் பார்த்ததும் கிராங்கைக் குற்றம் சொல்வதற்கு முன், ஏர் பைப்பைக் கழற்றி டர்போ ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் அதிகமா என்று.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தனி மீட்டர் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலிங்கிலும் 2,000 ஆர்.பி.எம்.-மிலும் ஆயில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு போதாது, அது எரியும்போது காலம் கடந்திருக்கும். பிரஷர் சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி இருக்கிறது, அடியில் டொக்டொக் சத்தமும் இல்லை என்றால், புது ஆயில், புது ஃபில்டர் போட்டு 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி வெட்டுங்கள். முந்தைய உரிமையாளர் ஃபில்டரை எவ்வளவு காலம் மாற்றாமல் ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பார்த்தது பல வருடக் கணக்காகக்கூட இருக்கலாம். இரண்டாவது ஃபில்டரில் மினுமினுப்பு நன்றாகக் குறைந்திருந்தால் நிம்மதியாக ஓட்டுங்கள். 1,000 கிலோமீட்டருக்குள்ளேயே அதே அளவு சேர்ந்திருந்தால், அப்போதும் முழு இன்ஜினை இறக்கத் தேவையில்லை. இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றி, ஆயில் பம்ப் எண்ணெய் உறிஞ்சும் வாயிலுள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னரைப் பார்த்து, ஒரு கனெக்டிங் ராடு பேரிங்கைத் திறந்து பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

ஆய்வகத்தில் ஆயிலைச் சோதிக்கக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம், நல்லதுதான். ஆனால் அந்த உலோகச் சோதனை சில மைக்ரான் அளவுள்ள நுண்துகளைத்தான் நன்றாகக் கணக்கிடும், பெரிய துகள் அதில் தவறிப்போகும். பெரிய துகளை ஃபில்டர்தான் பிடித்து வைத்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

இன்னொன்று. உங்கள் மெக்கானிக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அளந்து பார்க்காமல் எந்த இன்ஜினுக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

உலோகம் தவிர வேறு என்னவெல்லாம் ஃபில்டரில் கிடைக்கும்?
— வாசகர், காரைக்குடி

கறுப்பாக, நகத்தால் நசுக்கினால் பொடியாகிற துணுக்கு என்றால் கரி. நசுங்காத, பழுப்பு அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் சில்லு என்றால் டைமிங் செயின் கைடு உடைய ஆரம்பித்திருக்கலாம், தாமதிக்க வேண்டாம். ரப்பர் நார் போல வந்தால், வண்டியில் எண்ணெய்க்குள் ஓடும் பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட் இன்ஜினில் டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்துதான் ஓடும். அந்தத் துணுக்குகள் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் ஆயில் பிரஷர் விழுந்துவிடும்.

சாம்பல், கறுப்பு, சிவப்பு நிறத்தில் புழு மாதிரி நெளிந்த மென்மையான துண்டுகள், யாரோ சம்ப் மாட்டும்போது சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசியதன் மிச்சம். வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பேப்பர் முழுக்கப் பால் காபி நிறக் குழம்பு என்றால் தண்ணீர். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி இன்ஜின் சூடாகாமலே நிற்கும் வண்டியில் கொஞ்சம் இருக்கலாம். கூலன்ட்டும் குறைகிறதென்றால் ஹெட் கேஸ்கட்டைச் சோதியுங்கள். தண்ணீர் பட்ட பேப்பர் ஊறி, மடிப்புகள் அலை அலையாக நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சொன்ன கிலோமீட்டரைத் தாண்டி ரொம்ப நாள் ஓட்டினாலும் அதே நெளிவு வரும்.

டீசல் ஆயில் கன்னங்கரேலென்று இருப்பதைப் பற்றி மட்டும் பயப்படாதீர்கள். அந்தக் கரி மிகச் சன்னமானது, அதை எண்ணெயிலேயே மிதக்க வைப்பது ஆயிலில் கலந்திருக்கும் மருந்தின் வேலை. ஃபில்டர் அதைப் பிடிக்காது, பிடிக்கவும் வேண்டாம்.

தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு வினாடி கடகடவென்று சத்தம், அப்புறம் சரியாகிவிடுகிறது. ஃபில்டர் மாற்றிய பிறகுதான் ஆரம்பித்தது.
— வாசகர், புதுச்சேரி

நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். ஓரத் துளைகளின் மேல் உட்காரும் ரப்பர் வால்வு, இன்ஜின் நின்றபின் ஃபில்டரிலிருக்கும் எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்க வேண்டும். வால்வு பிடிக்காவிட்டால் இரவில் ஃபில்டர் காலியாகிவிடும், காலையில் அது நிறையும்வரை மேலே எண்ணெய் போகாது. ஃபில்டர் படுக்கை வாக்கிலோ தலைகீழாகவோ மாட்டியிருக்கும் இன்ஜின்களில்தான் இது தெரியும். திருகு மேலே இருக்கும்படி நேராகத் தொங்கும் ஃபில்டரில் அவ்வளவாகத் தெரியாது.

வெட்டியதும் அந்த ரப்பரை இரண்டாக மடித்துப் பாருங்கள். துணி போல வளைந்து, விட்டதும் விரிய வேண்டும். கறுப்பு நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளாக நாளாகக் கெட்டியாகும், சிலிக்கான் ரப்பர் மென்மையாகவே இருக்கும். ஆரஞ்சு நிறமாக இருந்தால் சிலிக்கான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எந்த ரப்பருக்கும் எந்தச் சாயமும் கலக்கலாம். மடித்துப் பார்ப்பதே சோதனை.

புது ஃபில்டரிலேயே இந்தச் சத்தம் வருகிறதென்றால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். விலை சில நூறு ரூபாய்தான்.

என் ஸ்விஃப்ட் டீசலில் டின்னே இல்லை, வெறும் பேப்பர் உருளை மட்டும்தான் வருகிறது. இதில் என்ன பார்ப்பது?
— வாசகர், விருதுநகர்

1.3 மல்டிஜெட் இன்ஜினில் அப்படித்தான், உறை வண்டியிலேயே இருக்கும், உள்ளிருக்கும் உருளையை மட்டும் மாற்றுவோம். உங்களுக்கு வேலை சுலபம், வெட்டும் கட்டரே வேண்டாம். பேப்பரைப் பார்ப்பது மேலே சொன்னபடிதான். கூடுதலாக இரண்டு. உறையின் அடியில் தங்கியிருக்கும் எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்துப் பாருங்கள், கனமான துகள் அங்கேதான் இறங்கியிருக்கும். மூடியின் ஓ-ரிங்கை ஒவ்வொரு தடவையும் மாற்றச் சொல்லுங்கள். உருளையோடு புது ஓ-ரிங் வந்திருக்கும், அதைப் பையிலேயே விட்டுவிட்டுப் பழையதையே போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது.

சிந்தெடிக் ஃபில்டர், 20 மைக்ரான் என்று பெட்டியில் போட்டு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், வேலூர்

"20 மைக்ரான்" என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. 20 மைக்ரான் துகள் நூறு வந்தால் எத்தனையைப் பிடிக்கும் என்று கேட்க வேண்டும். பாதியைப் பிடித்தாலும் பெட்டியில் 20 என்று அச்சடிக்கலாம், 99-ஐப் பிடித்தாலும் 20 என்று அச்சடிக்கலாம். ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சோதனை முறை இதற்கென்றே இருக்கிறது. அந்த எண்ணோடு சதவீதத்தையும் போட்டிருந்தால் நம்பி வாங்குங்கள். சில கம்பெனிகள் பீட்டா என்று எழுதும். பீட்டா 2 என்றால் 50 சதவீதம், பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம், பீட்டா 100 என்றால் 99.

நல்ல செயற்கை இழை பேப்பர் நாரைவிடச் சீராக, மெல்லியதாக இருக்கும், அதிக அழுக்கைத் தாங்கும், தண்ணீரில் ஊறாது. வருடம் 10,000 கிலோமீட்டருக்குள் ஓட்டி, நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறவருக்கு ஒழுங்காகச் செய்த சாதாரண பேப்பர் ஃபில்டரே போதும் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் நல்ல ஆயில் வாங்குங்கள்.

அக்கா, கடையில் பார்ட் நம்பர் கிடைக்கவில்லை. அதே வாஷர் அளவு, திருகும் ஏறுகிறது என்று வேறு ஃபில்டரை மாட்டச் சொல்கிறார் முதலாளி. மாட்டலாமா?
— பட்டறையில் வேலை கற்கும் தம்பி, தருமபுரி

மாட்டாதே தம்பி. ஃபில்டர் திருகில் அதிகம் புழங்குபவை எம்20 × 1.5 என்ற மெட்ரிக் அளவும், முக்கால் இன்ச் 16 மரை என்ற அளவும். முக்கால் இன்ச் என்பது 19.05 மி.மீ., மரை இடைவெளி 1.59 மி.மீ. மெட்ரிக் ஃபில்டர் 20 மி.மீ., இடைவெளி 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முக்கால் இன்ச் குழாயில் எம்20 ஃபில்டரைப் போட்டால் ஏறவும் ஏறும், இறுகின மாதிரியும் இருக்கும், மரை பாதிதான் பிடித்திருக்கும். ஓடுகிற வண்டியில் ஒரு நாள் பிய்த்துக்கொண்டு போனால் சில வினாடிகளில் எண்ணெய் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிடும். திருகு பொருந்தினாலும் பைபாஸ் அழுத்தம் வேறாக இருக்கலாம், அது வெளியே தெரியாது. பார்ட் நம்பருக்கு மாற்று நம்பர் கம்பெனி கேட்டலாக்கில் இருந்தால் மட்டும் மாட்டு. முதலாளியிடம் இந்தப் பக்கத்தையே காட்டு.

மாட்டும்போது பழைய வாஷர் பிளாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றினால் இரண்டு வாஷர் சேர்ந்து பிதுங்கி எண்ணெய் பீய்ச்சும். புது வாஷரில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகு. வாஷர் தொட்டபின் எத்தனை சுற்று என்று ஃபில்டர் மேலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்காதே.

கழற்றிய ஃபில்டரையும் வடித்த ஆயிலையும் என்ன செய்கிறீர்கள் என்று நீ எழுதவில்லை. கறையானுக்கு ஊற்றுவதும், விறகோடு எரிப்பதும், சாக்கடையில் விடுவதும் நம் பக்கம் இன்னும் நடக்கிறது. ஓடிய ஆயில் 2016-ஆம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகளுக்குள் வருவது. கேனில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும். வெட்டிய டின்னை ஒரு நாள் முழுக்க வடியவிட்ட பிறகு இரும்புக் கடையில் போடு, எண்ணெய்ப் பேப்பரைத் தனியே மூடிய டப்பாவில் சேர்த்து வை, ஆயில் எடுக்க வருகிறவரிடமே அதையும் கொடுத்துவிடலாம்.